குமாஸ்தாவின் நாற்காலி

உட்காரும் இடம் சரியாக அமைந்துவிட்டால் சிந்தனை தானாகச் சுரக்கும் என்றொரு மூடநம்பிக்கை நம்மிடையே வேர்விட்டிருக்கிறது. 2020ல் தொற்றுநோய்க்காக அலுவலகங்களை மூடி வேலையை வீட்டுக்குள் அனுப்பிய பிறகு, அதற்கு ஒரு மதத்தின் தோரணையே வந்துவிட்டது. வெள்ளைச் சுவர், ஜன்னலோரம் ஒரு செடி, காகிதம் இல்லாத மேஜை, அதன் முன்னால் ஒரு நவீன நாற்காலி. 'உத்வேகம் தரும் பணியறை' என்று படத்தின் கீழே எழுதியிருக்கும். நாற்காலியில் ஆள் இருக்கமாட்டார். வேலை செய்பவரை அப்புறப்படுத்திவிட்டுத்தான் வேலை செய்யும் இடத்தைப் படம் எடுக்கிறார்கள். விற்பவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை, அவர்கள் வியாபாரிகள். இதையே நவீனத்துவம் என்று நம்புகிற, ரசனை உள்ளவர்களாகத் தம்மைக் கருதிக்கொள்கிற படிப்பாளிகளோடுதான் என் வழக்கு.

நல்ல நாற்காலி வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. பத்து வருஷத்துக்கும் மேலாக வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்குபவன் நான். நாற்காலியின் தராதரம் என் முதுகுக்குத் தெரியும். நவீன டிசைன் சில கேள்விகளிலிருந்து பிறந்தது. யார் உட்காரப் போகிறார்? எவ்வளவு நேரம்? என்ன விலை கொடுக்க அவரால் முடியும்? 1859ல் தோனெட் கம்பெனி கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியைப் பாருங்கள். மரத்துண்டுகள் 6, திருகுகள் 10, நட்டுகள் 2. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். காபி விடுதிக்குப் போகிற எவரும் உட்காரலாம் என்ற விலையில் செய்யப்பட்டது. ஆவியில் வளைத்த அந்த மரத்தின் அழகு இந்தக் கணக்குகளிலிருந்து வந்த அழகு. இன்றைய ரசனை கேள்விகளை எறிந்துவிட்டு, விடையின் தோலை மட்டும் உரித்து எடுத்துக்கொள்கிறது.

சண்டிகர் நாற்காலியின் கதை இதற்குச் சரியான சாட்சி. லெ கார்பூசியே 1951ல் அந்த நகரத்தைத் திட்டமிட வந்தபோது அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரேயும் வந்தார். கார்பூசியே அவ்வப்போது வந்து போனார்; ஜான்னரே 1965 வரை அங்கேயே இருந்தார். புதிய தலைநகரின் செக்ரடேரியட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி மேஜைகள் தேவைப்பட்டன. ஜான்னரேயும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அவற்றை வடிவமைத்தார்கள். தேக்கு, பிரம்பு, நம் தச்சர்களின் கைவேலை. கவட்டைபோல் விரிந்த கால்கள். காற்றுப் புகும் முதுகு. கோடையில் ஃபைல் பார்க்கும் ஒரு குமாஸ்தாவை உத்தேசித்துச் செய்த சாமான் அது.

காலப்போக்கில் பிரம்பு அறுந்தது. பின்னித் தர ஆள் வைப்பதைவிடத் தூக்கிப் போடுவது நிர்வாகத்துக்குச் சுலபமாக இருந்தது. மொட்டைமாடிகளில் குவிந்து கிடந்தவை பழைய சாமான் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப்போய் மெருகேற்றினார்கள். மேல்நாட்டு ஏலக்கூடங்களில் அவை லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயின. 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. 2013ல் ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் இந்தப் பயணத்தைத் தலைகீழாகப் படமெடுத்தார்; பணக்கார வீடுகளில் தொடங்கி, ஏலம், பட்டறை, கப்பல் என்று பின்னோக்கி நகர்ந்து சண்டிகரில் முடிகிறது அந்தப் படம். இன்ன இலாகாவின் சொத்து என்று நாற்காலியில் பெயின்டால் எழுதிய எழுத்தும் எண்ணும்தான் இன்று அசல் சரக்கு என்பதற்கு அத்தாட்சி. குமாஸ்தா எழுந்து போன பிறகுதான் அவருடைய நாற்காலி கலையாயிற்று. அதன் நகல்கள் இப்போது பணியறைப் படங்களில் உத்வேகம் தந்துகொண்டிருக்கின்றன.

இன்னொரு கதை. ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்ற அமெரிக்கர் ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக 1964ல் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்று ஒரு மேஜை வரிசையைக் கொண்டுவந்தார். ஒரே இடத்தில் மனிதனைக் கட்டிப்போடக் கூடாது, நின்றும் நடந்தும் அவன் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. விலை அதிகம்; விற்கவில்லை. 1968ல் தடுப்புப் பலகைகளோடு மறுபடி வந்தார். முதலாளிகள் கொள்கையை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நான்கு பேர் இடத்தில் எட்டுப் பேரை அடைக்க அது வசதியாக இருந்தது. அலுவலகக் கூண்டு பிறந்தது இப்படி. கடைசிக் காலத்தில் ப்ராப்ஸ்டே அதைக் கண்டித்தார். ஒரு மனிதனுக்கு எத்தனை சதுர அடி என்பதை வாடகை கொடுப்பவர்தான் தீர்மானிக்கிறார், கலைஞர் அல்ல. இப்போது அந்த வாடகையே தொழிலாளியின் தலையில் ஏறியிருக்கிறது. அறை அவனுடையது, மின்சாரம் அவனுடையது, நாற்காலியும் அவன் காசு. இந்தச் செலவு மாற்றத்துக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர்தான் உத்வேகம்.

வீட்டுக்குள் வேலை என்பதை 2020ல் யாரோ கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். வீட்டுக்குள் நடக்கும் வேலையை நவீன டிசைன் மிகத் தீவிரமாக எதிர்கொண்டது சமையலறையில். 1926ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஃப்ராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று அளந்தார். ஜன்னலடியில் வேலை மேடை, உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி, அரிசி போன்றவற்றுக்கு அலுமினிய இழுப்பறைகள். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். அதிலும் குறை உண்டு: ஒருவர் மட்டுமே நிற்க முடிகிற அந்த அறை, சமையல் அவள் ஒருத்தி பாடு என்று தீர்ப்பும் எழுதிவிட்டது. ஆனாலும் அங்கே வேலை செய்கிறவளின் கால்வலி டிசைனுக்குள் ஒரு கணக்காக வந்தது. நம் பணியறை உபாசகர்களின் படங்களில் சமையலறை வருவதே இல்லை. அங்கே நிற்கிறவள் உத்வேகத்துக்கு லாயக்கற்றவள் போலும். திருநெல்வேலிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வீட்டுத் தரையில் குனிந்து பீடி சுற்றுகிற பெண்களின் பணியறைக்கும் இதுவரை யாரும் டிசைன் விருது கொடுக்கவில்லை.

அப்படியானால் அழகுக்கு இடமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. தோனெட்டின் வளைவும் சண்டிகர்ப் பிரம்பும் அழகு என்றுதான் சொல்கிறேன். உபயோகித்தவரைத் துடைத்துவிட்டு மிச்சத்தை ரசிப்பது ரசனை ஆகாது. ஏலக்காரனின் பார்வை அது. நம் விமர்சனத்திலும் இந்தப் பார்வை இருக்கிறது. கவிதையிலிருந்து வாழ்க்கையைக் கழற்றிவிட்டு உருவத்துக்கு மெருகேற்றிக் காட்டுகிறவர்களை நமக்குத் தெரியும்.

1929ல் வர்ஜீனியா வுல்ஃப் பெண் எழுதுவதற்கு வருஷ வருமானம் 500 பவுனும் ஒரு தனியறையும் கேட்டார். அறைக்குப் பூட்டு வேண்டும் என்றார். நாற்காலி யார் செய்தது என்பது அவர் கோரிக்கையில் இல்லை. அடுத்த முறை ஓர் அழகான பணியறைப் படம் உங்கள் முன் வரும்போது, அதைப் பெருக்கித் துடைப்பவர் யார், அவர் எங்கே உட்காருகிறார் என்று கேட்டுப்பாருங்கள். நவீன டிசைன் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.