விரட்டலாம், பிடிச்சு விக்கக் கூடாது

ஜாவா குருவியை உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. சாம்பல் உடம்பு, கருப்புத் தலை, கன்னத்துல வெள்ளை, ரோஸ் நிறத்துல தடிச்ச மூக்கு. சென்னையில வளர்ப்புப் பறவைக் கடைகள்ல ஜோடியா விக்கறாங்க. மெல்லிசா பாடும், பால்கனிக்கு அழகுதான். ஆனா அது எந்த ஊர் குருவி, அந்த ஊர்ல அதுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா, கூண்டு வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பீங்க.

இந்தோனேசியாவுல இருக்கற ஜாவா, பாலி தீவுகள்தான் அதோட பூர்வீகம். நம்மள மாதிரியே நெல்லு விளையற பூமி. 1758ல் லின்னேயஸ் அதுக்கு வெச்ச விஞ்ஞானப் பேருக்கே 'நெல் தின்னி'ன்னுதான் அர்த்தம். கதிர் வந்த வயல்ல கூட்டமா இறங்கும். அந்த ஊர் விவசாயிக்கு அது எதிரி. அதே குருவியோட அழகுக்கும் பாட்டுக்கும் ஆசைப்பட்டவங்க உலகம் பூரா இருந்தாங்க. ஜப்பான்ல எடோ காலத்துல இருந்தே வளர்க்கறாங்க. வெள்ளை நிறத்துலயே ஒரு வகையை அங்க உருவாக்கிட்டாங்க. நம்ம மெட்ராஸ் பக்கமும் ஜாவா குருவிங்க கூண்டை விட்டுத் தப்பிச்சு வெளியில திரிஞ்சதா பழைய பறவை நூல்கள்ல குறிப்பு இருக்கு.

இன்னைக்கு நிலைமை என்ன? யாரோ கொண்டுபோய் விட்ட ஹவாய் தீவுல அது புல்தரையில கூட்டமா மேயுது. சொந்த ஊரான ஜாவாவுல தேடிப் பார்க்கணும். அழியும் ஆபத்துல இருக்கற உயிர்னு சிவப்புப் பட்டியல்ல ஏறிடுச்சு. 1997லயே அதோட வெளிநாட்டு வியாபாரத்துக்கு சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்பாடு போட்டுது. விவசாயிங்க கொன்னதும் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா பெரிய அடி விழுந்தது, கூண்டுக்குன்னு வலை போட்டுப் பிடிச்சதுல.

இந்த வித்தியாசத்தைத்தான் நான் சொல்ல வரேன். எங்க பக்கத்துல ஜாவா குருவி இல்ல, அதோட சொந்தக்காரங்க இருக்காங்க: சில்லைங்க. புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்முதுகுச் சில்லை. கட்டைவிரல் அளவு உடம்பை வெச்சுக்கிட்டு, சம்பா பால் பிடிக்கற நேரத்துல கூட்டமா வந்து உட்கார்ந்தா, அந்த ஓரம் பூரா பதராயிடும். அந்தப் பத்துப் பதினஞ்சு நாளும் தகரம் தட்டணும், பழைய கேசட் டேப்பை இழுத்துக் கட்டணும், கத்தணும். "பாவம், ஏன் விரட்டறீங்க?"ன்னு பட்டணத்துல இருந்து கேக்கறவங்க இருக்காங்க. விரட்டினா குருவி சாகாதுங்க. பக்கத்து வரப்புல போய் புல்லு விதை தின்னும், பொழுது சாஞ்சா கூட்டுக்குப் போகும், அடுத்த போகத்துக்கு திரும்பி வரும். வலையில சிக்கினது வராது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுச் சில்லையைப் பிடிக்கறதும் விக்கறதும் குத்தம். இருந்தும் பச்சை, சிவப்புன்னு சாயம் பூசி, வெளிநாட்டுக் குருவின்னு சொல்லி விக்கறது நம்ம நாட்டுல பல சந்தைங்கள்ல நடந்திருக்கு. நாலு தடவை குளிச்சா சாயம் போயிடும், நம்ம வயல் குருவி வெளிய தெரியும்.

"நாங்க வாங்கறது கூண்டுலயே பொறந்தது, காட்டுல பிடிச்சதில்ல"ன்னு சொல்வீங்க. நியாயமான பேச்சுதான். கூண்டுல பொறந்ததை இப்ப வெளிய விட்டா பிழைக்காது, இருக்கறதை நல்லா பார்த்துக்கோங்க. ஆனா புதுசா வாங்காதீங்க. கடையில எது கூண்டுல பொறந்தது, எது நேத்து வலையில விழுந்ததுன்னு பார்த்துச் சொல்ல எல்லாராலயும் முடியாது. குருவின்னா கூண்டுன்னு ஆசை இருக்கற வரைக்கும் வலைக்கும் வேலை இருக்கும்.

இன்னொன்னு. காட்டுப்பள்ளியும் தீவுதான். கிழக்க கடல், மேற்க பக்கிங்காம் கால்வாய், தெக்க எண்ணூர் முகத்துவாரம், வடக்க பழவேற்காடு ஏரி. பழவேற்காடுன்னா எல்லாரும் பூநாரை பார்க்க வர்றீங்க, சந்தோஷம். சில்லைக்கு கேமராவைத் திருப்பறவங்க கம்மி. அதுக்கு வேண்டியது வரப்புப் புல்லு, நாணல், கோரை, நாலு முள்ளு மரம், விளையற வயல். துறைமுகம், அனல் மின் நிலையம், கன்டெய்னர் யார்டுன்னு மண்ணு ஒவ்வொரு பக்கமா சிமென்ட் ஆகிக்கிட்டே வருது. நான் நெல்லு போடற வரைக்கும் சில்லைக்கு வயல் உண்டு. நெல்லு கட்டுப்படி ஆகாம ஒரு நாள் நிலத்தைக் குடுத்துட்டா, எனக்கும் இடமில்ல, அதுக்கும் இடமில்ல.

அதனால குருவி மேல ஆசை இருக்கறவங்க, கூண்டுக்குக் குடுக்கற காசை நம்ம பக்கத்து அரிசிக்குக் குடுங்க. குருவி தின்னது போக மிச்சம்தான் மூட்டைக்கு வருது, அந்த நஷ்டத்தை இதுவரைக்கும் விவசாயி ஒருத்தன்தான் தாங்கறான். பார்க்கணும்னு தோணினா மார்கழி, தை மாசத்துல மீஞ்சூர் தாண்டி பழவேற்காடு ரோட்டுல வாங்க. காலையில வரப்புல நின்னா கூட்டம் கூட்டமா எழும்பறதைப் பார்க்கலாம். காசு கேக்க மாட்டோம். தகரம் தட்ட மட்டும் கொஞ்சம் கை குடுங்க.