குத்தூசிக்கு ஒரு சான்றிதழ்

பெங்களூரில் ஒரே வேலைக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. சிவாஜிநகர் நடைபாதையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து, பிய்ந்துபோன கைப்பையின் வாரைத் தைத்துக் கொடுப்பவர் 'செருப்புத் தைக்கிறவர்'. அதே கைப்பையை வீட்டுக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போய், குளிரூட்டிய அறையில் தைத்து, சாயமேற்றித் திருப்பி அனுப்புபவர் 'லெதர் ரெஸ்டோரேஷன் நிபுணர்'. முதலாமவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற அதே வாடிக்கையாளர், இரண்டாமவரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ரசீதை மடித்துப் பத்திரப்படுத்துகிறார்.

இந்த இருவருக்கும் நடுவே நிற்பது ஒரு பயிற்சி வகுப்பு.

மென்பொருள் சம்பளம் பெங்களூர் வீடுகளுக்குள் தோல் சோபாக்களையும், காருக்குள் தோல் இருக்கைகளையும் கொண்டுவந்து சேர்த்தது. மழைக்காலத்தில் அவற்றில் பூஞ்சை பூக்கிறது. வெயிலில் நிறம் வெளுக்கிறது. விலை கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட மனம் வருவதில்லை. ஆகவே பழுது பார்ப்பதும் ஒரு தொழிலாகத் தலை நிமிர்ந்துவிட்டது. அதைக் கற்றுக்கொடுப்பதும் தனித் தொழிலாகிவிட்டது. சில நாள் பட்டறை முதல் சில வாரப் படிப்பு வரை பல தினுசுகள். முடிவில் ஒரு சான்றிதழ்.

வகுப்பில் சொல்லித்தருவது வெறும் மினுக்கு வேலை அல்ல. முதல் பாடமே எது தோல் அல்ல என்று கண்டுபிடிப்பது. தோல் மாதிரி தோற்றமளிக்கும் பாலியூரிதேன் பூச்சு, காற்றின் ஈரத்தில் ரசாயன ரீதியாகவே சிதைந்து செதில் செதிலாக உரியும். அதை நிரந்தரமாகச் சரிசெய்ய முடியாது. முடியும் என்று பணம் வாங்குவது மோசடி. அடுத்தது ஒரு சொட்டுத் தண்ணீர். அது உடனே ஊறி அந்த இடம் கறுத்தால், மேற்பூச்சு இல்லாத இயல்பான தோல். முத்தாக நின்றால், நிறப் பூச்சு பூசிய தோல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பதனிட்ட தோல் இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது. காரமான சோப்புப் போட்டுத் தேய்த்தால் நாளடைவில் அது விறைத்து வெடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது, கிழிசலுக்குப் பின்புறமிருந்து ஒட்டுக் கொடுப்பது, பள்ளத்தை நிரப்புவது, நிறத்தைக் கலந்து ஒப்பிட்டுப் பார்ப்பது, மெல்லிய அடுக்குகளாகத் தெளிப்பது என்று வரிசைப்படி போகிறது பாடம்.

நடைபாதைத் தொழிலாளிக்கு இவற்றில் சில தெரியாது. புதிய பூச்சுகளும் கரைப்பான்களும் அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது குறுகிய வகுப்பில் வராது. தோல் எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் கிழியும் என்பதை விரல் சொல்லும். மெழுகு தேய்த்த நூலைக் குத்தூசியில் கோத்து வாங்கும்போது எவ்வளவு இறுக்கினால் தோல் அறுந்துவிடும் என்பது கைக்குத் தெரியும். இதற்கு அவர் கட்டிய கட்டணம், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்த பால்ய வருடங்கள்.

தோல் தொழிலுக்கு இந்த நாட்டில் பயிற்சி இல்லாமல் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கில அதிகாரி, ஆவாரம்பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் உப்பில் தோல் பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டினார். கமலையில் தண்ணீர் இறைக்கும் தோல் பறிகளுக்கு அது அதிக காலம் உழைக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்புகளில் ஒன்று. அந்தத் தொழிலின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் சுமக்கிறது. சாட்டர்டன் 1912ல் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறைக்குத் தலைமை ஏற்கப் போனார். சுதந்திரத்துக்குப் பின் 1948ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1976ல் கர்நாடக அரசு 'லிட்கர்' என்ற தோல் தொழில் வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. இப்போது அது பாபு ஜகஜீவன் ராம் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1986ல் நொய்டாவில் காலணி வடிவமைப்புக் கல்வி நிலையம் தொடங்கியது.

இவற்றின் கவனமெல்லாம் பெரும்பாலும் பதனிடுவது, வடிவமைப்பது, உற்பத்தி செய்வது, ஏற்றுமதி செய்வது ஆகியவற்றில்தான். பழுது பார்ப்பதற்குப் பாடத்திட்டம் போட யாருக்கும் அவசரமில்லை. காரணம் எளிது. அந்த வேலைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பைச் சாதியே பார்த்துக்கொண்டது. கட்டணம் இல்லை, விடுமுறை இல்லை, மறுக்கும் உரிமையும் இல்லை.

2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு தொடங்கிய 'விஸ்வகர்மா' திட்டத்தின் 18 தொழில்களில் காலணித் தொழிலும் ஒன்று. அடிப்படைப் பயிற்சி ஐந்து முதல் ஏழு நாள், 40 மணி நேரம். விரும்பினால் 15 நாள் மேற்பயிற்சி. நாளொன்றுக்கு ரூ. 500 உதவித்தொகை, கருவிகளுக்கு ரூ. 15,000, ஐந்து சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சமும் பிறகு இரண்டு லட்சமும் கடன். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை மகனை அப்பாவின் திண்ணையிலேயே கட்டிப்போடும் என்று ஆட்சேபித்த தமிழ்நாடு அரசு, 2024 நவம்பரில் இத்திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்தது. குறைந்தபட்ச வயதை 18லிருந்து 35ஆக உயர்த்தக் கேட்டது. சாதி பாராத சொந்தத் திட்டம் ஒன்றையும் அறிவித்தது.

ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனுக்குக் குத்தூசியைவிடக் கல்லூரிதான் முக்கியம். ஆனால் ஐம்பது வயதில் குடைக்கடியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த 40 மணி நேரம் அளந்து தைத்தது போலப் பொருந்தும். புதிதாக வருபவருக்குத் தையல் பழகவே அது போதாது. தையல் கைவந்தவருக்கோ சாயமும் பூச்சும் பழக அது நல்ல தொடக்கம். ஏற்கனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற ஏற்பாடு, 2015ல் வந்த மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே உண்டு.

பிறகு ஏன் அவர் வகுப்பில் இல்லை? தனியார் பட்டறையின் கட்டணம் அவர் எட்டும் உயரத்தில் இல்லை. ஒரு நாள் கடையைக் கட்டினால் அன்றைய கூலி போச்சு; அந்த இடத்தில் மறுநாள் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கவும் கூடும். பாடம் ஆங்கிலத்தில் இருந்தால் கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசும் தொழிலாளிக்கு அதனால் பயனில்லை. இவை மூன்றும் தீர்க்க முடியாத பிரச்சினைகள் அல்ல. மாலை நேர வகுப்பு, தாய்மொழியில் பாடம், இடத்துக்கு உத்தரவாதம். இவற்றோடு நான்காவதாக ஒன்றும் செய்யலாம்: தையல் பாடம் நடத்த அவரையே, சம்பளத்துக்கு, அழைக்கலாம்.

கர்நாடகத்துக்கு இது அந்நியமான யோசனை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரின் சரணர் கூட்டத்தில் செருப்புத் தைக்கும் ஹரளய்யா மரியாதையோடு உட்கார்ந்திருந்தார். தன் மகனுக்குப் பிராமண குலத்து மதுவரசரின் மகளை மணமுடித்ததற்காக அவரும் மதுவரசரும் சேர்த்தே கொல்லப்பட்டார்கள் என்கிறது மரபு. இன்று ஹரளய்யா கும்பிடத்தக்க சரணர். அவர் செய்த தொழிலுக்கு மட்டும் அந்தக் கும்பிடு இன்னும் வந்து சேரவில்லை.

தைத்து முடித்த கைப்பையைப் புரட்டிப் பார்த்து, தைத்தவரிடம் சான்றிதழ் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்த கூலியைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.