காஞ்சிப் பட்டும் உயிரணுவின் எழுத்தும்

காஞ்சிப் பட்டின் சிறப்புத் தறியில் தொடங்குவது என்பர். அது பட்டுப்புழுவின் உயிரணுவிலேயே தொடங்குவது என்போம் நாம்.

எப்பாவிழை எழவேண்டுமென ஜக்கார்டு அட்டையின் துளைகள் தறிக்கு ஆணையிடுதல்போல, உயிரணுவுக்கு ஆணையிடுவது டி.என்.ஏ. என்னும் முறுக்கிய ஈரிழை. நால்வகைக் காரங்களே அதன் எழுத்துக்கள். அவ்வடிவை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் விளக்கினர். மூல ஏடு உட்கருவை விட்டகலாது; ஆர்.என்.ஏ. என்னும் படியே வெளிச்செல்லும். ரைபோசோம் அப்படியை மும்மூன்றெழுத்தாக வாசித்துப் புரதத்தை நெய்யும். பைப்ரோயின் என்னும் பட்டுப் புரதத்திற்குரிய படியைச் சுசுகியும் பிரவுனும் 1972-இல் பிரித்தெடுத்தனர். ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

இத்துணை அணுக்கமான பொருளை, விஞ்ஞான மாணவர்க்கே உரியதெனத் தமிழ் மாணவராகிய நாம் ஒதுக்குதல் தகுமோ? படியெடுப்பிற் பிழை நேர்ந்து பாடம் வேறுபடுதலை ஏட்டுச்சுவடிகளிற் கண்டறிந்த நமக்கு இந்நான்கெழுத்து நூல் அயலதன்று. இதனை நம் நகர நெசவாளரும் படித்துணரத் தமிழில் எழுதுதல் நம் கடனாம். அக்கடனைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டுத் தமிழ் வளரவில்லையென வருந்துதல் வீண்.