ஒரே கோட்டுக்கு எத்தனை பெயர்?

ஜி.எஸ்.டி. ரோடு, பழைய என்.எச்.45, இப்போதைய என்.எச்.32. பெயர் மூன்று என்பதால் ரோடும் மூன்று என்று குரோம்பேட்டையில் யாரும் குழம்புவதில்லை. ஆனால் அதே ஊர்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளை, 30எக்ஸ் + 60ஒய் − 1800 = 0 என்று விடை கண்டுபிடித்துவிட்டு, விடைப் பக்கத்தில் எக்ஸ் + 2ஒய் − 60 = 0 என்று இருப்பதைப் பார்த்ததும், போட்ட கணக்கை முழுசாக அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. எல்லாவற்றையும் 30-ஆல் வகுத்தால் இரண்டும் ஒன்றுதானே ஐயா!

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. சேலையூரிலிருந்து பல்லாவரம் வரை தெருவுக்குத் தெரு டியூஷன். சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம், இரு புள்ளி வடிவம், வெட்டுத்துண்டு வடிவம் என்று தனித்தனி ஃபார்முலாவாக மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். எல்லாம் ஒரே கோடுதான் என்று சொல்ல மட்டும் நேரமில்லை.

பீச்சிலிருந்து தாம்பரம் சுமார் 30 கி.மீ., மின்சார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். வேகம் சீரானது என்று வைத்துக்கொள்ளுங்கள் (மாம்பலம் கூட்டத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு). கிளம்பி எக்ஸ் நிமிடம் ஆனபோது மீதி தூரம் ஒய் கி.மீ.

ஒய் = 30 − எக்ஸ்/2 என்று எழுதினால், நிமிடத்துக்கு அரை கி.மீ. குறைவது தெரிகிறது. எக்ஸ்/60 + ஒய்/30 = 1 என்றால், மொத்தம் 30 கி.மீ., 60 நிமிடம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. இரு புள்ளி வடிவில் போட்டுக் குறுக்கே பெருக்கினால் வருவதுதான் மேலே பிள்ளை அடித்த விடை. எக்ஸ் + 2ஒய் − 60 = 0? பின்னம் இல்லாமல் நீட்டாக இருக்கிறது, அவ்வளவுதான். ரயிலைப் பற்றி நேராக ஒன்றும் சொல்லாத அதற்குத்தான் விடைப் பக்கத்தில் மரியாதை!

வேடிக்கை என்னவென்றால், சோதிக்கும் வழி பாடத்திலேயே இருக்கிறது. கெழுக்களும் மாறிலிகளும் ஒரே விகிதத்தில் இருந்தால் "எண்ணற்ற தீர்வுகள்" என்று ஒப்பிக்காத பிள்ளை கிடையாது. 30/1, 60/2, 1800/60... மூன்றும் 30. அதாவது இரண்டும் ஒரே கோடு. இதைத் தன் விடைக்கே போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

"பொது வடிவில் எழுதுக என்று கேட்டால்?" என்பார்கள். கேட்டால் எழுதட்டும். கேட்காதபோதும் கீ ஆன்சரில் உள்ளதுபோல் இல்லை என்று மார்க்கை வெட்டுவதற்குப் பெயர் கணக்குத் திருத்துவதா?

(0, 30), (60, 0) இரண்டையும் பிள்ளையின் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள் சார். பொருந்தினால் மார்க் போடுங்கள். சானடோரியத்தில் கிளம்பிய ரயில் தாம்பரம் சேர்வதற்குள் ஒரு பேப்பர் முடிந்துவிடும்.