தனித் தட்டு எதற்கு?

ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பதாகத் தெரிந்தவுடன், மருந்து தொடங்கும் முன்பே பல வீடுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. நோயாளிக்கென ஒரு தட்டும் தம்ளரும் தனியே ஒதுக்கப்படுகின்றன. பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாதென்று வீட்டார் தடுத்துவிட்டதாக மூதாட்டி ஒருவர் எங்களிடம் கண்கலங்கினார். இவ்வழக்கம் தவறானது, இதைத் தயக்கமின்றியே சொல்கிறோம்.

குழப்பத்தின் வேர் நமது சொல்லிலேயே உள்ளது. வெவ்வேறு கிருமிகளால் வரும் நோய்கள் அனைத்தையும் 'மஞ்சள் காமாலை' என்றே அழைக்கிறோம். ஏ, ஈ வகைகள் மாசடைந்த நீராலும் உணவாலும் பரவுபவை. 1955-56இல் தில்லியில் யமுனையிலிருந்து குடிநீர் எடுக்குமிடத்தில் கழிவுநீர் கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அன்று சேமித்துவைத்த இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோதே அது ஏ வகையன்று எனத் தெரியவந்தது. பின்னர் அக்கிருமிக்கு ஈ என்று பெயரிட்டனர். நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இவ்விரண்டையும் எண்ணித்தான்.

பி வகை இரத்தத்தோடு தொடர்புடையது. அது கண்டறியப்பட்டதும் இரத்தத்தின் வழியேதான். 1960களில் பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் காமாலையைத் தேடவில்லை. மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்றே ஆராய்ந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஹீமோஃபிலியா நோயாளியின் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்திலிருந்த ஒரு புரதத்துடன் இணைந்தது. அப்புரதம் பி கிருமியின் மேலுறை என்பது பிறகு உறுதியாயிற்று. இன்று இரத்த வங்கிகளில் ஒவ்வொரு பையும் சோதிக்கப்படுவதற்கு அதுவே தொடக்கம். 1976இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து சேய் ஆகியவையே இக்கிருமியின் வழிகள். சேர்ந்து உண்பதாலும் அணைத்துக்கொள்வதாலும் பரவாது. தட்டைப் பிரித்த அதே குடும்பத்தில் சவர பிளேடும் நகவெட்டியும் பொதுவாக இருப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்! பிரிக்க வேண்டியவை அவையும் பல் துலக்கும் பிரஷும்தான். காய்ந்த இரத்தத்திலும் இக்கிருமி குறைந்தது ஏழு நாட்கள் உயிர்த்திருக்கும்.

அஞ்ச வேண்டிய இடம் பிரசவ அறை. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் நிலைத்துவிடுகிறது. பெரியவர்களில் அவ்வாறு ஆவது நூற்றில் ஐவருக்கும் குறைவே. ஆதலால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். தாய்க்குக் கிருமி இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. கணவன், மனைவி, உடன் வாழ்வோர் யாவரும் பரிசோதித்துக்கொண்டு, கிருமியும் எதிர்ப்பாற்றலும் இல்லாதோர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மூதாட்டியின் மகனிடம் குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொன்னோம். பிறந்த அன்றும், 6, 10, 14ஆம் வாரங்களிலும் தவறாமல் போட்டிருந்தார்கள். அட்டையை அவரிடமே காட்டினோம்.