கிரவல் வழியும் நடுகல்லும்

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் இப்பொழுது பிரான்சு தேசத்திலே வாழ்கின்றார். ஆண்டுக்கு இரண்டொரு கடிதம் எழுதுவார். சென்ற ஆண்டு வந்த கடிதத்திலே ஒரு வினா இருந்தது. இலக்கண வினா அன்று, ஒழுக்க வினா.

அவரோடு தொழில் பார்க்கும் பிரெஞ்சு நண்பர்கள் சிலர் விடுமுறை நாட்களிலே துவிச்சக்கரவண்டியில் நாடு சுற்றுபவர்கள். தார் வீதியை அவர்கள் நாடுவதில்லை. காட்டுப் பாதை, வயற் பாதை, சரளைக்கல் பரப்பிய சிறுவழி என்பனவே அவர்களுக்கு உவப்பு. இதற்கென்றே அகன்ற ரயர் பூண்ட வண்டிகளை இக்காலத்திற் செய்கிறார்கள். இந்த ஓட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நமக்குப் புதிதன்று. நம்மூரவர் ‘கிரவல் றோட்டு’ என்கிறார்களே, அந்தக் கிரவலேதான். வேறு வழியின்றி நாம் ஓடிய பாதையிலே இன்று உலகம் விரும்பி ஓடுகின்றது. 2022ஆம் ஆண்டில் இதற்கென உலக வாகைப் போட்டியொன்று இத்தாலியில் நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் அவரை அழைத்த இடம் வேர்டன். “ஐயா, இலட்சக்கணக்கானோர் மடிந்த மண்ணிலே விடுமுறைக் களிப்புக்காக வண்டி ஓட்டுதல் தகுமா?” இதுவே வினா. போரை ஏட்டிலே மாத்திரம் படித்தவரல்லர் அவர். ஆதலின் அவர் கேட்டது வாதத்துக்காகக் கேட்ட கேள்வியன்று.

“தகாது” என்று ஒரே சொல்லில் விடை எழுதினேன். அவ்விடை பிழை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றேன். முழுப்பிழை அன்று, பாதிப்பிழை. ஆசிரியன் செய்யும் பிழைகளுள் பாதிப்பிழையே பொல்லாதது. முழுப்பிழையை மாணாக்கன் கண்டுகொள்வான். பாதிப்பிழையை மனனஞ் செய்துவிடுவான்.

வேர்டன் பிரான்சின் வடகிழக்கே மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள நகரம். 1916 பெப்ரவரி 21ஆந் திகதி சேர்மானியப் பீரங்கிகள் அதன் சுற்றுப்புறத்து மேடுகளின்மேல் முழங்கத் தொடங்கின. டிசம்பர் 18ஆந் திகதிவரை, ஏறத்தாழ முந்நூறு நாட்கள், போர் ஓயவில்லை. இரு பக்கத்திலும் மாண்டோர் மூன்று இலட்சம் அளவில் இருக்கும் என்று கணக்கிடுவர். டூவோமொன் என்னுமிடத்தில் 1932இலே திறக்கப்பட்ட எலும்புமண்டபத்தில் இன்னார் என்று அறியப்படாத 130,000 வீரரின் எலும்புகள் உள்ளன. அவற்றிலே பிரெஞ்சுக்காரர் எலும்பு எது, சேர்மானியர் எலும்பு எது என்று எவரும் பிரித்துச் சொல்ல முடியாது. உயிரோடிருந்த நாளிலே ஒரு முழ நிலத்துக்காகப் பொருதவர்கள் இன்று ஓரிடத்திலே கலந்து கிடக்கின்றனர்.

மாந்தர் மாத்திரமா மாண்டனர்? ஊர்களும் மாண்டன. ஒன்பது கிராமங்கள் அடியோடு அழிந்தன. அவற்றை ‘பிரான்சுக்காக உயிர் நீத்த ஊர்கள்’ என்று அந்நாட்டவர் வழங்குகின்றனர். ஆறு ஊர்களிலே மீண்டும் எவரும் குடியேறவில்லை. அவற்றுள் புளெரி என்பது ஒன்று. போருக்கு முன் அங்கே நானூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்தனர். 1916 யூன் முதல் ஓகஸ்ட் வரையிலான காலத்தில் அவ்வூர் பதினாறு முறை கைமாறியது. இன்று அங்கே வாழ்வோர் தொகை பூச்சியம். ஆயினும் அவ்வூர் வரைபடத்தினின்றும் நீக்கப்படவில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அதற்கு ஒரு சபை உண்டு. மேயருக்குரிய கடமையைச் செய்யும் தலைவர் ஒருவர் உண்டு. வாக்களிக்க ஆளில்லாமையால், நமது அரசாங்க அதிபரை ஒத்த அதிகாரியே அவரை நியமிக்கின்றார். ஆளில்லாத ஊருக்கு எதற்குத் தலைவர்? ஊரின் பெயரை உயிரோடு வைத்திருப்பதற்கு. பெயர் அழிந்தால் அவ்வூர் இரண்டாம் முறை அழியும்.

இனிக் கிரவலுக்கு வருவோம். அந்தப் போரின் கதையே ஒரு கிரவல் வழியின் கதை என்று சொன்னால் மிகையாகாது. வேர்டனுக்குச் செல்லும் பெரிய புகையிரதப் பாதைகள் சேர்மானியரால் துண்டிக்கப்பட்டன அல்லது அவர்களது பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. எஞ்சியவை சிறிய இருப்புப்பாதை ஒன்றும், பார்-லெ-டுக் நகரிலிருந்து செல்லும் ஒடுங்கிய வீதியொன்றுமே. ஆளும் உணவும் எறிகணையும் அவ்விரண்டின் வழியாகவே போகவேண்டும். போர் உச்சத்திலிருந்த நாட்களில் பதினான்கு செக்கனுக்கு ஒரு லொறி அவ்வீதியிலே சென்றதாகக் கூறுவர். பெப்ரவரி இறுதியிலே உறைபனி உருகிற்று, வீதி சேறாயிற்று. அப்பொழுது வயது முதிர்ந்த சேமப்படையினர் வீதியோரங்களிலே புதிய கற்சுரங்கங்களைத் தோண்டிக் கல்லுடைத்து, ஓடும் லொறிகளின் சில்லுகளுக்குக் கீழே மண்வெட்டியால் இடைவிடாது எறிந்துகொண்டிருந்தனர். கல்லை அழுத்த உருளை இயந்திரம் இல்லை. லொறிகளின் பாரமே அதனை அழுத்தியது. இவ்வாறு இலட்சக்கணக்கான தொன் கல் அவ்வீதியில் இறங்கிற்று. போரிலே துப்பாக்கி தாங்கியவனை நாம் பாடுகின்றோம். மண்வெட்டி தாங்கியவனைப் பாடுவார் யார்?

அவ்வீதிக்குப் பின்னர் ‘புனித வழி’ என்று பெயரிட்டவர் மொறிஸ் பாரெஸ் என்னும் எழுத்தாளர். இன்று அது தாரிட்ட வீதி. அதன் எண்ணே 1916. அதன் ஓரத்துக் கிலோமீற்றர்க் கற்களின்மேல் அக்காலப் போர்வீரனின் தலைக்கவச வடிவம் அமைந்திருக்கின்றது.

மாணவர் அனுப்பிய படமொன்றில் அந்தக் கல்லைக் கண்டதும் நான் வேறோரிடத்துக்குச் சென்றுவிட்டேன். நம் பழந்தமிழர் நடுகல்லை எங்கே நாட்டினர்? கோட்டைக்குள்ளே பூட்டி வைத்தனரா? இல்லை. வீழ்ந்தவனுடைய பெயரையும் செயலையும் கல்லிலே செதுக்கி, மயிலிறகு அணிந்து, மக்கள் போய்வரும் வழியருகே நாட்டினர். ஏன் வழியருகே? வழிச்செல்வோன் காணவேண்டும் என்பதற்காக. கல்லை நாட்டுவதோடு நாட்டியவன் கடன் தீர்ந்தது. அதைக் காண்பதோடு வழிச்செல்வோன் கடன் தொடங்குகின்றது. மலைபடுகடாத்திலே பரிசில் நாடி மகிழ்ந்து செல்லும் கூத்தரை வழிப்படுத்தும் புலவர், இடையிலே நடுகற்கள் உள்ளன என்று கூறி, ‘மகிழ்ச்சியோடு செல்பவர்கள் நீங்கள், அப்பக்கம் போகாதீர்கள்’ என்று தடுக்கவில்லை. மரபின்படி இசைத்துவிட்டு மேலே செல்லுமாறே பணிக்கின்றார். மகிழ்ந்து செல்பவனும் வணங்கத் தக்கவனே என்பது அவர் துணிபு. இதனைப் பாடஞ் சொல்லிக் கொடுத்த நானே ‘தகாது’ என்று எழுதிவிட்டேன்!

அப்படியானால் என் விடையிற் சரியான பாதி எது? அதனை அறிய 1919ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். போர் ஓய்ந்து ஆறு மாதமும் நிறையவில்லை. பிரெஞ்சுப் பத்திரிகையொன்று ‘போர்க்களச் சுற்று’ என்னும் துவிச்சக்கரவண்டிப் பந்தயத்தை ஏப்பிரல் 28 முதல் மே 11 வரை நடத்தியது. ஸ்ராஸ்பூர்க்கிலே தொடங்கி அங்கேயே முடிந்த ஏழு கட்ட ஓட்டம். ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர். பார்-லெ-டுக்கும் ஒரு தங்குமிடம். குழி விழுந்த வீதி, குளிர், பனிமழை. பிரசெல்சிலிருந்து அமியான் வரையிலான கட்டத்தை முதல்வராக முடித்தவருக்கே பதினெட்டு மணிநேரத்துக்கு மேல் சென்றது. அவர் பெல்சியத்தைச் சேர்ந்த சார்ள் டெருய்ட்டர்; முழுப் பந்தயத்தின் வாகையும் அவருக்கே.

ஓடியவர்களை நான் குறைகூறேன். அவர்களுட் பலர் சில மாதங்களுக்கு முன்வரை படையில் இருந்தவர்கள். அவர்களோடு ஓடவேண்டிய தோழர் பலர் மண்ணுக்குள் கிடந்தனர். 1909இலே பிரான்சுப் பெருஞ்சுற்றில் வென்ற பிரான்சுவா பாபர் 1915இலும், அடுத்த ஆண்டு வென்ற ஒக்டாவ் லப்பீஸ் 1917இலும் போரிலே மாண்டனர். சில்லுக்கும் அந்த மண்ணுக்கும் உறவு பழையது. குறை எங்கே என்றால், ஓட்டியவர்களிடத்திலன்று. அந்த நிலத்திலே கடிகாரத்தை வைத்தவர்களிடத்தில். பந்தயத்தில் ஓடுபவன் முன்னால் ஓடுபவனின் முதுகைப் பார்ப்பான். வழியருகே நட்ட சிலுவையைப் பாரான். பார்க்க நின்றால் தோற்பான். நிற்பவன் தோற்கும் ஆட்டத்தை நிற்கவேண்டிய இடத்திலே வைக்கலாமா?

இதனோடொத்த வழக்கு 2016இலும் எழுந்தது. நூற்றாண்டு நினைவு நாளிலே, சேர்மானியத் திரைப்பட நெறியாளர் வோல்கர் சுலோண்டோர்வ் வகுத்த நிகழ்ச்சியில், இரு நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கானோர் டூவோமொன் கல்லறை வரிசைகளினூடே முரசொலிக்கு ஓடினர். இளமை சாவை வென்று வருகின்றது என்பது கருத்தாக இருக்கலாம். ஆயினும் பலர் மனம் புண்பட்டது. என் கட்சியும் அவர்களோடுதான். 1984இலே அதே இடத்தில் பிரான்சின் மித்தரானும் சேர்மனியின் கோலும் கைகோத்து அசையாது நின்றார்களே, அந்த நிலை பேசியதை இந்த ஓட்டம் பேசவில்லை. வழி செல்வதற்கு உரியது. கல் நிற்பதற்கு உரியது. கல்லின் இடத்தை வழியாக்கினால் அதுவே பிழை.

‘அங்ஙனமாயின் நடந்து செல்லலாமே, வண்டி எதற்கு?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான தடை. ஆனால் அந்நிலம் சிறிதன்று. போருக்குப்பின் பயிரிட உதவாதென்று கைவிடப்பட்ட நிலத்திலே மரம் நட்டார்கள். வேர்டன் காடு மாத்திரம் பதினாயிரம் எக்டேயர் அளவினது. மோட்டார் வண்டியில் வருவோர் எலும்புமண்டபத்தைக் கண்டு, படம் எடுத்து, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். பெசொன்வோ, லூவ்மொன், ஓமொன் முதலான சிறிய ஊர்களின் இடத்துக்கு எத்தனை பேர் போவார்கள்? நடப்பவனுக்கு எட்டாத தூரம். காரில் வருபவனுக்குத் தோன்றாத இடம். துவிச்சக்கரவண்டிக்காரன் ஒருவனே இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றான். அவனுக்குத் தூரமும் கைகூடும், கண்ணும் திறந்திருக்கும். அன்றியும் அவன் பாதை பிசகக் கூடாது. வெடியாத எறிகணைகள் இன்னும் மண்ணுக்குள் உள்ளன. அவற்றை எடுப்போர் இன்றும் எடுத்துக்கொண்டிருக்கின்றனர். வழியை விட்டு இறங்கி ஓடாதே என்று அந்த மண்ணே சட்டம் வகுத்துவைத்திருக்கின்றது.

மாணவர் என் விடையை மீறிப் போய்வந்தார். அதனை மறையாமல் இரண்டாவது கடிதத்திலே எழுதியிருந்தார். புளெரிக்கு அண்மையில் நண்பர்கள் பேச்சை நிறுத்தினராம். எவரும் சொல்லாமலே வண்டியைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தனராம். ஊர் முழுவதும் எறிகணைக் குழிகள்; குழிகளின்மேல் புல்; மேலே மரநிழல். இது வெதுப்பகம் இருந்த இடம், இது கொல்லன் பட்டடை இருந்த இடம் என்று சிறிய கற்கள் மாத்திரம் நிற்கின்றன. அவர் பள்ளிக்கூடம் இருந்த இடத்தைத் தேடிச் சென்று நின்றாராம். “ஐயா, அங்கே சுவரும் இல்லை, கரும்பலகையும் இல்லை. ஆனால் பிந்தி வந்த மாணாக்கனைப்போல வாசலிலே நிற்கிறேன் என்று தோன்றிற்று” என்று எழுதியிருந்தார்.

அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். வீட்டிலிருந்து ‘தகாது’ என்று தீர்ப்பளித்த நான் அந்தப் பள்ளிக்கூடத்தைக் காணவில்லை. களிப்புக்காக வண்டியேறிப் போனவர் கண்டார். புறப்படும்போது இருந்த மனமே போய்ச் சேரும்போதும் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. வழி மனத்தை மாற்றும். மாற்றவல்ல வழியை அடைப்பது அறமாகாது.

ஆகவே அவருக்கு மறுபடியும் எழுதினேன். மாணாக்கன் விடைத்தாளைத் திருத்துவதுபோல என் முந்திய விடையைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, கீழே எழுதிய திருத்தம் இது: இறங்கத் தெரிந்தவன் ஏறலாம்.