புதிய மென்பொருள், பழைய வெட்டுக்கல் சுவர்: மட்டாஞ்சேரியில் கணக்கு எங்கே பிசகுகிறது?

கொச்சி: ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே, அது ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவிடும், எவ்வளவு கரியமில வாயு உமிழ்வுக்குக் காரணமாகும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்கள் இந்தியாவில் வடிவமைப்பாளரின் துணைக் கருவிகள் என்ற நிலையைக் கடந்துவிட்டன. ஒரு கட்டடம் எரிசக்தி விதிகளுக்கு உட்பட்டதா என்பதை அவை தரும் எண்ணைக் கொண்டே நிறுவ முடிகிறது. ஆகவே அவற்றின் புதிய பதிப்பு வெளியாவது பொறியாளர்களின் விவகாரம் மட்டும் அல்ல. கொச்சியின் மட்டாஞ்சேரி போன்ற பழைய பகுதியில், எந்தச் சுவர் நிற்கும், எது இடிபடும் என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இத்துறையில் பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க எரிசக்தித் துறை உருவாக்கிய எனர்ஜிபிளஸ். 2001-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளியான இந்த இலவச மென்பொருள், வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 2022 முதல் பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் இடம்பெறுகிறது. 9.6-க்கு அடுத்து வந்தது 22.1. பழைய பதிப்பில் தயாரித்த கோப்பை அப்படியே புதியதில் இயக்க முடியாது, மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் விடையும் சில வேளைகளில் சற்று நகரும். கணக்கு முறையில் இருந்த பிழை திருத்தப்பட்டிருக்கலாம், ஓர் இயல்பு மதிப்பு மாறியிருக்கலாம். இதில் மறைக்க ஏதுமில்லை. ஒவ்வொரு பதிப்புடனும் மாற்றங்களின் பட்டியல் வெளியிடப்படுகிறது.

விதிகளின் பிடி இறுகுகிறது

வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் அறிமுகமாகி 2017-இல் திருத்தப்பட்டது. அதன்படி, முழுக் கட்டடத்தையும் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் கணினியில் இயக்கிக் காட்டி விதிக்கு உட்பட்டதாக நிறுவலாம். எந்தெந்த மென்பொருள்களைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலும் தொகுப்பிலேயே உண்டு. குடியிருப்புகளுக்கான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018 டிசம்பரில் வந்தது. எரிசக்தி சேமிப்புச் சட்டத்தில் 2022-இல் நிறைவேறிய திருத்தம், 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின் இணைப்புச் சுமை கொண்ட குடியிருப்புக் கட்டடங்களையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவர வழிவகுத்தது.

கணினி முறையில் ஒப்பிடப்படுபவை இரண்டு: ஒன்று கட்டப்போகும் கட்டடம், மற்றொன்று அதே அளவில் விதியின் குறைந்தபட்ச நிபந்தனைகளை மட்டும் நிறைவேற்றும் கற்பனைக் கட்டடம். ‘தரநிலை வடிவமைப்பு’ என்று இதைத் தமிழில் எழுதலாம். ஆனால் அந்தச் சொல் தரும் உறுதி அந்தக் கட்டடத்துக்குக் கிடையாது. அப்படியொரு கட்டடத்தில் எவரும் வசித்ததில்லை.

மட்டாஞ்சேரியில் நிலைமை நேர்மாறு. இங்குள்ள கட்டடங்கள் பல தலைமுறைகளாக மனிதர்களையும் மிளகு, இஞ்சி, ஏலக்காய் மூட்டைகளையும் தாங்கி நின்றவை. பஜார் சாலையில் நீர்வழியை ஒட்டி வரிசையாக நிற்கும் பண்டகசாலைகள் பெரும்பாலும் ‘வெட்டுக்கல்’ எனப்படும் செம்புரைக்கல்லின் தடித்த சுவர்களும், சுண்ணாம்புப் பூச்சும், ஓட்டுக் கூரையும், நடுவில் முற்றமும் கொண்டவை. 2012-இல் கொச்சி-முசிறி பினாலே தொடங்கிய பின்னர் அவற்றில் சில கலைக்கூடங்களாகவும் காபி கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறின. விடுதி என்றதும் ஏசி வருகிறது, ஜன்னல் அடைபடுகிறது. எரிசக்திக் கணக்கின் தேவையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஈரத்தைப் பார்க்காத சுவர்க் கணக்கு

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெட்டுக்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சுகிறது, பின்னர் மெல்ல வெளிவிடுகிறது. ஆனால் எனர்ஜிபிளஸ் இயல்பாகப் பயன்படுத்தும் கணக்கு முறை, சுவர் வழியே வெப்பம் கடப்பதை மட்டுமே பார்க்கும். ஈரத்தின் போக்குவரத்து அதில் இல்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வேறு முறையும் அதே மென்பொருளில் இருக்கிறது. அதற்கு அந்தக் கல் எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்ற அளவீடு தேவை. கணக்கு முடியவும் கூடுதல் நேரமாகும். அவசரத்தில் இருப்பவர் இயல்பு முறையிலேயே நின்றுவிடுவார். இங்கே புதிய பதிப்பால் வரும் பயனைவிட, உள்ளூர்க் கல்லை ஆய்வகத்தில் அளந்து பெறும் எண்களால் வரும் பயனே பெரிது என்று தோன்றுகிறது.

எகோ நிவாஸ் சம்ஹிதாவிலும் இதற்கு ஒப்பான குறை உண்டு. வெளிச்சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அந்த விதி. சூத்திரம் எளிது, வரைபடம் இருந்தால் கணக்கிட்டுவிடலாம். ஆனால் தடித்த சுவர் பகல் வெப்பத்தைத் தேக்கிவைத்துத் தாமதமாக விடுவதற்கென அதில் தனி உறுப்பு இல்லை.

அடுத்தது ‘இதமான வெப்பநிலை’ எது என்ற கேள்வி. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகளின் இயல்பு வெப்பநிலை 24 டிகிரி. இதே எண்ணை ஆண்டு முழுவதற்கும் கணினியில் கொடுத்தால், முற்றமும் காற்றோட்டமும் உள்ள பழைய வீடு மின்சாரத்தை விழுங்கும் கட்டடமாகத் தெரியும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தின் முன்னெடுப்பில் உருவான இந்தியத் தகவமைப்பு இதநிலை மாதிரி வேறொன்றைச் சொல்கிறது. அதன்படி, வெளி வெப்பநிலையின் 30 நாள் சராசரி 28 டிகிரியாக இருந்தால், ஏசி இல்லாத கட்டடத்தில் இருப்போருக்கு இதமான வெப்பநிலையும் ஏறத்தாழ 28 டிகிரிதான். அதற்கு மேலும் கீழும் சுமார் 2.4 டிகிரி வரை 90 சதவீதத்தினர் ஏற்பர். 24-க்கும் 28-க்கும் இடையிலான இந்த இடைவெளி, எந்த மென்பொருள் புதுப்பிப்பும் கொண்டுவரும் மாற்றத்தைவிடப் பெரியது. எனினும் இந்த மாதிரி ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் எடுத்த ஆய்விலிருந்து வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளின் சார்பில் அதில் இடம்பெற்ற நகரம் சென்னை. அதன் சமன்பாட்டில் காற்றின் ஈரப்பதம் தனியாக இடம்பெறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

துருத்தியின் 394 வீடுகள்

மட்டாஞ்சேரியை அடுத்த துருத்தியில், குடிசைப் பகுதி மக்களுக்காக மாநகராட்சியும் கொச்சி ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் கட்டிய இரட்டை அடுக்குமாடிகள் 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டன. மொத்தம் 394 வீடுகள். 2022 திருத்தத்துக்கு முன்பே தொடங்கிய திட்டம் இது. இத்தகைய சிறிய வீட்டில் மின்விசிறியே பிரதான குளிர்ச்சி. மிச்சமாகும் யூனிட்டைக் கொண்டு கட்டடத்தை மதிப்பிடும் மென்பொருளிடம் இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது. செலவே குறைவு, மிச்சம் எங்கிருந்து வரும்? ஆண்டில் எத்தனை மணி நேரம் அறை தாங்க முடியாத சூட்டில் இருக்கிறது என்று கேட்டால் விடை பயனுள்ளதாக இருக்கும். அந்தக் கணக்கையும் இதே மென்பொருள்கள் செய்யும், யாராவது கேட்க வேண்டும். இன்று புழுக்கத்தில் இருக்கும் வீடுகளே நாளை ஏசி வாங்கும் என்பதால், கரியமில வாயுக் குறைப்பில் இந்தக் கேள்விக்கு நேரடிப் பங்கு உண்டு.

வானிலைக் கோப்பும் இதில் சேர்கிறது. நெடும்பாசேரி விமான நிலையம் நகரின் வடகிழக்கே, கடலிலிருந்து விலகி இருக்கிறது. அங்குப் பதிவான காற்றைக் கொண்டு காயலோரத்து மட்டாஞ்சேரி வீட்டின் ஜன்னல் காற்றோட்டத்தைக் கணித்தால் விடை பிசகும். மேலும், இத்தகைய கோப்புகள் கடந்துபோன ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து தொகுக்கப்படுபவை. இன்று எழும் கட்டடமோ அடுத்த அரை நூற்றாண்டின் வெயிலைத் தாங்க வேண்டும்.

யூனிட்டிலிருந்து டன்னுக்கு

ஒப்பீட்டில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இரு கட்டடங்களையும் ஒரே மென்பொருளில், ஒரே வானிலைக் கோப்பில் இயக்குவதால் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். இத்தனை டன் கரியமில வாயு குறைந்தது என்று தனி எண்ணாக அறிவிக்கும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் தரவுகளின்படி, நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இந்தச் சராசரியால் ஆண்டு மின்செலவைப் பெருக்கி விடை சொல்வது எளிய வழக்கம். ஆனால் சூரிய மின்சாரம் பெருகும் நண்பகல் யூனிட்டும், அனல்மின் நிலையங்கள் தாங்கும் இரவு யூனிட்டும் ஒன்றல்ல. விடுதி அறையின் ஏசி ஓடுவது பெரும்பாலும் இரவில்.

சிமெண்ட், இரும்பு, செங்கல் தயாரிப்பில் ஏற்கெனவே வெளியான கரியமில வாயுவை எனர்ஜிபிளஸ் தன் மின்செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎப்சியின் ‘எட்ஜ்’ மென்பொருளில், இருக்கும் சுவரை மறுபடி பயன்படுத்தினால் அதன் பொருள்களுக்கான மதிப்பைச் சுழியமாகக் கொள்ள இடமுண்டு. இடித்துவிட்டுக் கட்டும் புதிய கட்டடம், பழையதைவிட ஆண்டு மின்செலவில் சிக்கனமாகத் தெரியலாம். இடிபாடும் புதிய சிமெண்டும் அந்த விடையில் இருக்காது. மட்டாஞ்சேரியில் ஓர் உரிமையாளர் ஆலோசகரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும்போது, இந்த இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மென்பொருளின் பதிப்பு, வானிலைக் கோப்பின் நிலையம், கொடுக்கப்பட்ட இதநிலை வெப்பநிலை, சுவர்க் கணக்கு முறை ஆகிய நான்கும் அதே பக்கத்தில் நான்கு வரிகளில் அடங்கிவிடும்.